கண்ணீருக்கு ஓர் உருவம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். திருச்சபை அன்று திருக்குடும்ப விழாவைக் கொண்டாடியது. அந்த ஆண்டுக்குரிய நற்செய்தி வாசகம் மத்தேயு இரண்டாம் அதிகாரம். யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போகிறார். ஏரோது இறந்தபின் திரும்பி வருகிறார். இந்த வாசகத்தின் நடுவே மூன்று வசனங்களைத் தாண்டிச் செல்வது வழக்கம். பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதையும், இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுததையும், ஆறுதல் பெற அவள் மறுத்துவிட்டதையும் சொல்லும் வசனங்கள் அவை.

அன்று காலை ஒன்பது மணியை ஒட்டிக் கடல் நம் கரைக்குள் புகுந்தது. மெரினாவில் நடக்க வந்தவர்கள், விளையாட வந்த பிள்ளைகள், நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த தாய்மார்கள் என்று பலரை அது வாரிக்கொண்டு போயிற்று. சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை போயிருந்தவர்களும் அதில் அடக்கம். இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை வந்தது மாசில்லாக் குழந்தைகள் விழா. ஞாயிறன்று தாண்டிப்போன வசனங்கள் அன்றைய திருப்பலியில் வாசிக்கப்பட்டன. இராகேல் அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த ஊர்களில் அந்த வாசகம் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நற்செய்தியாளர் இராகேலைக் கண்டிக்கவில்லை. "அழாதே அம்மா" என்று சொல்லி அவள் வாயை மூடவும் இல்லை. அவளுடைய அழுகுரலை இயேசுவின் பிறப்புக் கதைக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார். ஒரு தாயின் அழுகை மறைநூலாகிவிட்டது. இன்றைய நம் சிந்தனை இதைப் பற்றியதுதான். ஓர் ஊருக்கே பெருந்துன்பம் நேரும்போது அந்தக் கண்ணீரை என்ன செய்வது? நம் முன்னோரும் நம் மறைநூலும் ஒரு வழி காட்டுகிறார்கள். பாடு, தை, வரை, பிசை, பின்னு. கண்ணீருக்குக் கையால் ஓர் உருவம் கொடு.

பேரிடர் வந்தால் நாம் நன்றாகச் செய்கிற காரியங்கள் உண்டு. அரிசி கொடுக்கிறோம், துணி கொடுக்கிறோம். சுனாமியின்போது சாந்தோம் பேராலய வளாகம் வீடிழந்தோருக்குத் தங்குமிடமானது. பிறகு படகும் வலையும் வந்தன, வீடுகள் வந்தன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வந்தபோதும், யார் என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்காமல் சோற்றுப் பொட்டலம் கட்டினோம். இவையெல்லாம் வேண்டியவை. பசித்தவனுக்கு முதலில் சோறுதான் நற்செய்தி.

ஆனால் சோறு கொடுத்தபின் நமக்குப் பேச்சு வருவதில்லை. வருகிற பேச்சும் பெரும்பாலும் ஒரே பேச்சு. "கடவுள் சித்தம்." "இன்னும் எத்தனை நாள் அழுவாய்?" "மற்ற பிள்ளைகளைப் பார்." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனாலும் இந்தச் சொற்களில் பாதி, அழுகிறவருக்காகச் சொல்லப்படுபவை அல்ல. அந்த அழுகையைப் பார்க்கத் தாங்காத நமக்காகச் சொல்லப்படுபவை. இலாசரின் கல்லறைக்கு முன் நின்ற இயேசு, அவனை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் முதலில் அழுதார். உயிர்ப்பை நம்புகிறவர் அழக்கூடாது என்றால் ஆண்டவரே அந்த விதியை மீறியவர் ஆவார்.

நம் தமிழ்ப் பெண்களுக்கு அழத் தெரியும். அதற்கென்றே ஒரு கலையை வளர்த்து வைத்திருந்தார்கள். அதுதான் ஒப்பாரி. துக்க வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொள்வார்கள். ஒருத்தி தொடங்குவாள். இறந்தவரை நேரில் கூப்பிட்டுப் பேசுவாள். அவர் எப்படி நடந்தார், என்ன வாங்கி வந்தார், யாருக்கு என்ன சொல்லாமல் போனார் என்று ராகத்தோடு அடுக்குவாள். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். அந்த வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருத்தியும் இன்று இறந்தவருக்காக மட்டும் அழவில்லை. என்றோ போன தன் தாய்க்காகவும், தங்காமல் போன தன் பிள்ளைக்காகவும் சேர்த்தே அழுகிறாள். ஒரு வீட்டுத் துக்கம் வாசல் திறந்து ஊர்த் துக்கம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. நம் சென்னைக் குப்பங்களில் இரவு முழுவதும் சாவு வீட்டில் பாடப்படும் கானாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. இறந்தவர் வாழ்ந்த கதையைத் தெருவே கேட்கும்படி பாட்டாக்கிவிடுகிறது.

படித்தவர்களாகிய நாம் இதையெல்லாம் மெல்ல மெல்ல வெட்கப்பட வேண்டியதாக ஆக்கிவிட்டோம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் இறந்தால், ஃபிரீசர் பெட்டி வருகிறது, வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை காத்திருக்கிறோம், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறோம், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அடக்கம் முடிந்துவிடுகிறது. ஒப்பாரி நாகரிகமற்றது என்று எண்ணுகிறவர்கள் எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே ஆண்டவரே ஒப்பாரி வைக்கும் பெண்களை அழைத்துவரச் சொல்கிறார். அதோடு விடவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் மகள்களுக்கும், அண்டை வீட்டாருக்கும் அந்தப் புலம்பலைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. அழுவதற்கும் பயிற்சி உண்டு. அது தாயிடமிருந்து மகளுக்கு வரவேண்டிய சொத்து என்று இறைவாக்கு கருதுகிறது. சவுலும் யோனத்தானும் போர்க்களத்தில் வீழ்ந்தபோது தாவீதும் இதைத்தான் செய்தார். நண்பனுக்காக ஒரு புலம்பல் பாடலை இயற்றினார். அதை யூதாவின் மக்களுக்கெல்லாம் கற்றுக்கொடுக்கும்படி கட்டளையிட்டார்.

சரி, பாட்டாக்குவதால் என்ன நடக்கிறது? புலம்பல் என்னும் நூலையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியப் படை எருசலேமை அழித்தது. கோவில் எரிந்தது, பஞ்சத்தில் குழந்தைகள் தெருவில் மயங்கி விழுந்தார்கள். அதைக் கண்டவர்களின் துயரம் அந்த நூலில் ஐந்து பாடல்களாக நிற்கிறது. எபிரேய மொழிக்கு 22 எழுத்துகள். முதல் பாடலுக்கு 22 வசனங்கள். ஒவ்வொரு வசனமும் அகர வரிசையில் அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. நடுவிலுள்ள மூன்றாவது பாடலில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனங்கள். இடிந்த நகரத்தின் நடுவே உட்கார்ந்து ஒருவர் எழுத்து எண்ணிக்கொண்டிருந்தாரா என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆம், எண்ணிக்கொண்டிருந்தார். அதுதான் அவரைத் தாங்கியது.

பெருந்துக்கத்துக்குக் கரை கிடையாது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தவுடன் அதற்கு ஒரு கரை கிடைக்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்படுகிறது, ஆனால் சொல்கிறவரை அது அடித்துக்கொண்டு போவதில்லை. ஐந்தாவது பாடலிலும் 22 வசனங்கள் உண்டு. ஆனால் அங்கே எழுத்து வரிசை இல்லை. அந்த நூல் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவதும் இல்லை. கடவுளிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியோடு முடிகிறது. அதையும் அப்படியே மறைநூலாக ஏற்றுக்கொண்டது திருச்சபை.

தமிழிலும் இந்த ஞானம் உண்டு. சங்கப் புலவர்கள் தலைவனை இழந்து கையற்று நிற்கும் நிலையைப் பாடுவதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்திருந்தார்கள். பாரியை இழந்த அவருடைய மகள்கள் பாடியது அந்தத் துறையில்தான். சிலுவையடியில் நின்ற அன்னையின் துயரைப் பாட வந்த வீரமாமுனிவரோ அந்தாதியைத் தேர்ந்துகொண்டார். அந்த நூலின் பெயர் அன்னை அழுங்கல் அந்தாதி. அந்தாதியில் ஒரு செய்யுள் முடிகிற சொல்லில் அடுத்த செய்யுள் தொடங்கும். துக்கமும் அப்படித்தான்; ஓர் அழுகை ஓய்ந்த இடத்திலேயே அடுத்தது தொடங்குகிறது. அந்த இயல்பையே மாலையாகக் கட்டி மாதாவின் பாதத்தில் வைத்தார் அவர்.

இதெல்லாம் சொல் உள்ளவர்களுக்கு. சொல்லே வராதவர்கள் என்ன செய்வது? பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு அந்த நினைவு பல சமயம் வார்த்தையாக வருவதில்லை. காட்சியாக, சத்தமாக, வாசனையாக வருகிறது. வாய் திறக்காது. அங்கேதான் கை முன்வருகிறது.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. சுனாமிக்குப்பின், 2005-இல், அதை நடத்திவந்த உமா பிரஜாபதி என்ற பெண்மணி அக்கம்பக்கத்து மீனவ கிராமங்களின் பெண்களோடு ஒரு வேலையைத் தொடங்கினார். அந்தப் பெண்களில் மீன் விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. கடலில் பிணங்கள் மிதந்தன என்று சொல்லி மக்கள் மீன் வாங்கப் பயந்த நாள்கள் அவை. கடலைப் பார்க்கவே முடியாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆடை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு விரல் அளவே உள்ள ஒரு குட்டிப் பொம்மையைச் செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்குச் 'சுனாமிகா' என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளைகளை வாரிப்போன சொல்லையே எடுத்து ஒரு பெண் குழந்தையின் பெயராக மாற்றியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? இன்னொன்றும் முடிவு செய்தார்கள். இந்தப் பொம்மையை விற்பதில்லை. கேட்பவருக்கு அன்பளிப்பாகவே கொடுப்பது. விரும்புகிறவர்கள் தரும் நன்கொடையில் வேலையைத் தொடர்வது. செய்த பெண்களுக்கு உழைப்புக்குரிய ஊதியம் கிடைத்தது. பொம்மைக்கோ விலை கிடையாது. இப்படிப் பல லட்சம் பொம்மைகள் உலகின் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன.

இதில் என்ன மருந்து இருக்கிறது? முதலாவது, கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூச்சு சீராகிறது. செபமாலை உருட்டுகிற நமக்கு இது தெரியாததல்ல. இரண்டாவது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் முகத்தோடு முகம் பார்க்க வேண்டியதில்லை. கண் ஊசியில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். "உனக்கு என்ன ஆயிற்று சொல்" என்று கேட்டால் சொல்லாதவள், நூல் கோர்க்கும்போது சொல்லிவிடுவாள். மூன்றாவது, நிவாரண வரிசையில் நிற்கிறவர் வாங்குகிறவராகவே இருக்கிறார். மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தால் மனம் கூனிப்போகும். அந்தப் பெண்கள் உலகத்துக்கு ஒன்றைக் கொடுப்பவர்களாக ஆனார்கள். கொடுக்கிறவருடைய முதுகு தானாக நிமிரும்.

துணியின் கதை இன்னொரு நாட்டிலும் உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1973-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள். பலர் காணாமலே போனார்கள். உடல் இல்லை, கல்லறை இல்லை, கேட்டால் பதில் இல்லை. தேடி அலைந்த தாய்மாரும் மனைவியரும் திருச்சபையின் அரவணைப்பில் ஒன்றுகூடினார்கள். அவர்களுக்குத் துணைநின்ற சந்தியாகு உயர்மறைமாவட்டத்தில் 1976-இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கஸ் இதற்கென்று ஒரு தனிப் பணியகமே அமைத்தார். அந்தப் பெண்கள் சாக்குத் துணிமேல் கந்தல் துண்டுகளை வைத்துத் தைத்துப் படங்கள் செய்தார்கள். மலை, வீடு, திறந்து கிடக்கும் கதவு, ஒரு நாற்காலி காலியாக இருக்கும் சாப்பாட்டு மேசை. சில சமயம் காணாமல்போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள். பேச முடியாத நாட்டில் அந்தத் துணிகள் பேசின. வெளிநாடுகளுக்குப் போய் உண்மையைச் சொல்லின.

மத்தியதரைக் கடலோரத்தில் யோப்பா என்னும் ஊர் இருந்தது. திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், அந்த ஊரில் தபித்தா என்ற சீடர் இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருந்தபோது செய்து கொடுத்த உள்ளாடைகளையும் மேலாடைகளையும் அவருக்குக் காட்டுகிறார்கள். திருச்சபையின் முதல் தலைவர் அந்தத் தையலைப் பார்த்தபிறகுதான் முழந்தாள்படியிட்டார். துக்கப்படுகிறவர்களின் கையிலிருக்கும் துணியைப் பார்ப்பதும் மேய்ப்பனின் பணி என்று அந்தப் பகுதி நமக்குச் சொல்கிறது.

பெரியவர்களின் கதை இப்படி என்றால் பிள்ளைகளின் நிலை என்ன? இதற்கு நம் தமிழ்மண்ணின் உறவான மட்டக்களப்புக்குப் போக வேண்டும். இலங்கைப் போர் நடந்துகொண்டிருந்த 1996-ஆம் ஆண்டில், கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைக் குருவான பால் சற்குணநாயகம் அடிகளாரும் அங்கே பிள்ளைகளுக்காக ஒரு தோட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. போரில் உறவுகளை இழந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக அங்கே வந்தார்கள். ஒரே நாள் முகாமாக இல்லாமல், மாதக்கணக்கில் தொடர்ந்து வந்தார்கள். செடி வளர்த்தார்கள், பிராணிகளோடு பழகினார்கள், களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். அவர்களோடு விளையாடிய இளைஞர்களில் பலர் தாங்களும் போரில் அடிபட்டவர்கள். ஒருவரையொருவர் எதிரி என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரே களிமண்ணில் கைவைத்தார்கள். துக்கம் பகையாக மாறிவிடாதபடி தடுப்பதற்கு இதைவிட எளிய வழியை நாம் அறியோம்.

ஏனென்றால், அன்பார்ந்தவர்களே, அழப்படாத துக்கம் சும்மா இருப்பதில்லை. அது குடியாக மாறுகிறது, அடியாக மாறுகிறது, பேச்சற்ற வீடாக மாறுகிறது. ஒரு தலைமுறை விழுங்கிய கண்ணீரை அடுத்த தலைமுறை காரணம் தெரியாமலே கக்குகிறது. ஆகவே இது ஓய்வு நேரப் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு அல்ல. நம் வீடுகளின் நலனைப் பற்றியது.

இங்கே மூன்று எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, யாரையும் வற்புறுத்தக் கூடாது. திருப்பாடல் 137-இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் தங்கள் யாழ்களை மரங்களில் தொங்கவிட்டுவிட்டார்கள். சிறைப்பிடித்தவர்கள் சீயோனின் பாட்டைப் பாடிக்காட்டச் சொன்னபோது அவர்கள் பாடவில்லை. வேடிக்கை பார்ப்பவருக்காகத் துக்கத்தைப் பாடுவது துக்கத்துக்கு இழைக்கும் அவமானம். சுனாமி அலையை வரைந்து காட்டு என்று பிள்ளையிடம் தாளை நீட்டி, வரைந்ததைப் படம் பிடித்து அறிக்கையில் போடுவது மருந்தாகாது. பிள்ளை அலையை வரைந்தால் வரையட்டும்; மயிலை வரைந்தால் அதுவும் சரி. செய்தது செய்தவருக்கே சொந்தம். காட்டலாமா என்று அவரிடம் கேட்காமல் யாருக்கும் காட்டக் கூடாது.

இரண்டு, அழகாக இருக்க வேண்டும் என்று பார்க்கக் கூடாது. பரிசு, போட்டி, முதலிடம் என்பவை இங்கே வேண்டாம். கோணல் தையலும் கண்ணீர்தான்.

மூன்று, இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. ஊண் உறக்கம் இல்லாமல் இருப்பவர், உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று சொல்பவர், மாதங்கள் ஆகியும் எழ முடியாதவர் யாராக இருந்தாலும், அவரை உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கிறிஸ்தவக் கடமை. செபமும் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை.

கால அளவும் யாரும் குறிக்க வேண்டாம். துக்க வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லை என்பது நம் ஊர் வழக்கம். சுனாமி வந்தது மார்கழியில், மயிலாப்பூர்த் தெருக்கள் முழுவதும் கோலம் பூக்கும் மாதத்தில். அந்த ஆண்டு எத்தனை வாசல்கள் வெறுமையாகக் கிடந்தன! வெறும் வாசலைப் பார்த்து அண்டை வீட்டார் எதுவும் கேட்கமாட்டார்கள். இங்கே ஒரு துக்கம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிறகு என்றோ ஒரு நாள் அந்த வீட்டுப் பெண் மாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்து குனிவாள். அது அவளுக்குத் தெரிந்த நாள். நாம் அவளுக்கு நாள் குறித்துக் கொடுக்க முடியாது.

இனி நம் பங்கில் என்ன செய்யலாம்?

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப்போய் 1930-இல் உயிர்விட்ட டென்மார்க் நாட்டு மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். அதன் நிழலில் சுண்டல் தின்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கல்லில் கட்டுவது நல்லதே. ஆனால் கட்டியவரோடு நினைவும் போய்விடலாம். ஆண்டுதோறும் கையால் செய்கிற நினைவு, செய்யக் கற்றுக்கொள்கிறவர் இருக்கும்வரை சாகாது. சீனிவாசபுரத்துக் குடும்பங்களில் பல இன்று தொலைவில் செம்மஞ்சேரியில் குடியமர்த்தப்பட்டுள்ளன. சுனாமிக்குப்பின் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். நினைவைக் கைமாற்ற நமக்கு நேரம் அதிகம் இல்லை.

எனவே இந்த டிசம்பரில் அன்பியங்கள்தோறும் இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு குடும்பமும் தம்மில் இறந்தவரின் பழைய சேலையிலோ சட்டையிலோ வேட்டியிலோ ஒரு சாண் சதுரம் வெட்டிக்கொண்டு வரட்டும். சுனாமியில் போனவர், வெள்ளத்தில் போனவர், கொரோனா காலத்தில் முகம் பார்க்காமல் நாம் அனுப்பிவைத்தவர், நோயில் போனவர், யாராயினும் சரி. அதில் பெயரைத் தைக்கலாம். ஒரு மீனையோ பூவையோ தைக்கலாம். எதுவும் தைக்காமலும் கொடுக்கலாம். துணியே வெள்ளத்தோடு போய்விட்டது என்பவர்கள் ஒரு வெள்ளைத் துண்டைத் தரட்டும். தாய்மார்கள் ஒன்றாக உட்கார்ந்து அவற்றை இணைக்கட்டும். தையல் வராத ஆண்களுக்கு வலை பின்ன வரும். அந்தத் துணிக்கு விளிம்பாக ஒரு வலையை அவர்கள் பின்னட்டும். அக்கம்பக்கத்து இந்து, இஸ்லாமிய வீடுகளையும் அழைப்போம். கடல் யாரையும் சமயம் கேட்டு எடுக்கவில்லை. டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று அந்தத் துணியைக் குடிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். மறைக்கல்விப் பிள்ளைகள் பாட்டிமாரிடம் போய், அனுமதி கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த ஒப்பாரியை எழுதி வாங்கட்டும்.

"இதனால் போனவர் திரும்பி வருவாரா?" என்று சிலர் கேட்கலாம். வரமாட்டார். நம் நம்பிக்கை தையலில் இல்லை, உயிர்த்த ஆண்டவரில் இருக்கிறது. ஆனால் உயிர்த்த ஆண்டவர் எப்படி வந்தார் என்பதை மறக்கக் கூடாது. காயங்களோடு வந்தார். மூடிய அறைக்குள் வர முடிந்தவருக்குத் தழும்பை மறைப்பது பெரிய காரியமில்லை. மறைக்கவில்லை, நம் மயிலையின் திருத்தூதர் தோமாவிடம் கையையும் விலாவையும் நீட்டினார். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, இலங்கையின் நீர்கொழும்பை அடுத்த கட்டுவாபிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது, அங்கிருந்த உயிர்த்த இயேசுவின் சிலைமேல் மக்களின் இரத்தம் தெறித்தது. ஆலயத்தைப் புதுப்பித்தவர்கள் அந்தச் சிலையைக் கழுவி வெள்ளையடிக்கவில்லை. இரத்தக் கறையோடு கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்ப்பு காயத்தை அழித்துவிடுவதில்லை. அதைப் பிறர் தொட்டு நம்பக்கூடிய ஒன்றாக மாற்றுகிறது. நம் கைகள் தைப்பதும் பாடுவதும் அந்த மாற்றத்தில் நமக்குரிய சிறு பங்கு.

செபிப்போம். பெத்தானியாவில் கண்ணீர் விட்ட ஆண்டவரே, எங்கள் கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் நாங்கள் இழந்தவர்களை உம் கையில் வைக்கிறோம். அழுகிறவர்களை அவசரப்படுத்தாத பொறுமையை எங்களுக்குத் தாரும். வாய் மூடிப்போனவர்களுக்குக் கையில் ஒரு வேலையையும், பக்கத்தில் ஒரு துணையையும் தாரும். நாங்கள் தைத்துத் தரும் கந்தல்களை உம் தாயின் மடியில் ஏற்றுக்கொள்ளும். ஆமென்.